மறுக்கப்பட்ட போர்களின் வரலாற்றை எழுதுவது எப்படி? கூலிப்படையினரைப் பற்றி ஆராய்வோருக்கு ஒரு வழிகாட்டி

ஓர் அரசு தான் நடத்தும் போரை ஒப்புக்கொள்ள விரும்பாதபோது, அதில் சண்டையிடுவோரைத் தனக்குத் தொடர்பற்ற தனிமனிதர்களாகக் காட்டுவதற்குக் 'கூலிப்படையினர்' என்ற பெயர் வசதியாக அமைந்துவிடுகிறது. தாக்கப்படும் அரசுக்கும் அதே பெயர் இன்னொரு வகையில் உதவுகிறது. உள்நாட்டு எதிர்ப்பு முழுவதையும் அந்நியப் பணத்துக்கு விலைபோனவர்களின் வேலை என்று அது சொல்லிவிடலாம். ஆகவே 1950கள் முதல் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் நடந்த மறைமுகக் கெரில்லாப் போர்களைப் பற்றி ஆய்வேடோ கட்டுரையோ நூலோ எழுத முற்படுபவர், ஆவணங்களில் காணும் இந்தப் பெயரை முதலில் ஒதுக்கி வைக்க வேண்டும். ஆளைச் சேர்த்தது யார், ஊதியம் யார் கை வழியாக வந்தது, விமானமும் ஆயுதமும் எங்கிருந்து புறப்பட்டன, ஆள் பிடிபட்டபோது யார் மறுத்தார்கள் என்ற நான்கு வினாக்களுக்கும் விடை தேடிய பின்னரே அந்த மனிதரை எப்படிக் குறிப்பிடுவது என்று முடிவுசெய்ய வேண்டும்.

இந்த எச்சரிக்கை ஏன் தேவை என்பதற்கு இந்தோனேசியாவே போதிய சான்று. 1958ஆம் ஆண்டு சுகர்ணோ அரசுக்கு எதிரான கிளர்ச்சியாளர்களுக்கு ஆதரவாக விமானங்கள் குண்டு வீசிக்கொண்டிருந்தபோது, அமெரிக்கா நடுநிலை வகிப்பதாகவும், எந்தக் கிளர்ச்சியிலும் கூலிக்குப் போரிடுவோர் இருப்பது இயல்பே என்றும் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் ஏப்ரல் 30 அன்று செய்தியாளர்களிடம் கூறினார். மே 18 அன்று அம்போன் அருகே ஒரு பி-26 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, அதன் விமானி ஆலன் போப் உயிருடன் பிடிபட்டார். அவர் எடுத்துச் சென்றிருந்த தாள்களே அவருக்கும் அமெரிக்க அமைப்புகளுக்கும் இருந்த தொடர்பைக் காட்டின. அவர் பணியாற்றிய விமான நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர் சி.ஐ.ஏ. மூன்று ஆண்டுகள் கழித்து, 1961 ஏப்ரலில், காஸ்ட்ரோ அரசைக் கவிழ்க்க சி.ஐ.ஏ. திரட்டிய கியூப அகதிகள் நடத்திய பன்றிகள் விரிகுடாத் தாக்குதலில் அலபாமா தேசியக் காவல்படையைச் சேர்ந்த நான்கு அமெரிக்க விமானப் பணியாளர்கள் இறந்தபோதும் இதே விளக்கம் மீண்டும் பயன்பட்டது. செல்வந்தர்களான கியூப அகதிகள் பணம் கொடுத்து அமர்த்தியவர்கள் என்று சொல்லப்பட்டது. அவர்களில் ஒருவருடைய உடலைக் கியூபா பதப்படுத்தி வைத்திருந்து 1979இல்தான் திருப்பி அனுப்பியது.

இவை தற்செயலான பொய்கள் அல்ல. மறைமுக நடவடிக்கை வெளிப்பட்டால் அமெரிக்க அரசு தன் பொறுப்பை நம்பத்தக்க விதத்தில் மறுக்கக்கூடிய வகையில் அது திட்டமிடப்பட வேண்டும் என்று 1948 ஜூனில் வகுக்கப்பட்ட, அமெரிக்கத் தேசியப் பாதுகாப்புச் சபையின் என்.எஸ்.சி. 10/2 என்ற கொள்கை ஆணை வெளிப்படையாகவே கூறுகிறது. ஆய்வாளர் இந்த ஆணையை முதலில் படித்துவிடுவது நல்லது. மறுப்பு என்பது நடவடிக்கையின் ஓர் உறுப்பு என்று தெரிந்தபின், அரசின் மறுப்பு அறிக்கையை எதிர்ச்சான்றாக எடுத்துக்கொள்ளும் பிழை நேராது.

சட்டத்தின் அளவுகோலை எங்கே பயன்படுத்துவது

அடுத்து, 1977ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான முதலாம் கூடுதல் நெறிமுறையின் 47ஆம் பிரிவை வரிவரியாகப் படியுங்கள். அது ஆறு நிபந்தனைகளை விதிக்கிறது: ஓர் ஆயுத மோதலில் போரிடுவதற்கென்றே சேர்க்கப்பட்டிருக்க வேண்டும், சண்டையில் நேரடியாகப் பங்கேற்றிருக்க வேண்டும், தனிப்பட்ட ஆதாயமே முதன்மை நோக்கமாக இருந்து, அதே தரத்தில் உள்ள படைவீரருக்குத் தரப்படுவதைக் காட்டிலும் கணிசமாகக் கூடுதலான ஊதியம் உறுதியளிக்கப்பட்டிருக்க வேண்டும், மோதும் தரப்பின் குடிமகனாகவோ அதன் ஆட்சிப்பகுதியில் வசிப்பவராகவோ இருக்கக் கூடாது, மோதும் தரப்பின் படையில் உறுப்பினராக இருக்கக் கூடாது, மோதலில் ஈடுபடாத ஓர் அரசு தன் படையினராக அலுவல்முறையில் அனுப்பியவராகவும் இருக்கக் கூடாது. இந்த ஆறும் ஒருசேரப் பொருந்தினால்தான் ஒருவர் இந்தப் பிரிவின்படி கூலிப்படையினர் ஆவார்.

இந்த நிபந்தனைகளைக் காங்கோ போரின்மீது வைத்துப் பார்த்தால் அவற்றின் பயனும் போதாமையும் ஒருங்கே புலப்படும். 1964இல் சிம்பா கிளர்ச்சியை ஒடுக்க மைக் ஹோர் தலைமையில் திரட்டப்பட்ட 5ஆம் கமாண்டோ, உலகமே கூலிப்படை என்று அறிந்த ஒன்று. ஆயினும் அது முறைப்படி காங்கோ தேசியப் படையின் ஓர் அங்கமாகவே அமைக்கப்பட்டதால், ஐந்தாவது நிபந்தனையில் தப்பிவிடுகிறது. அதே போரில் சி.ஐ.ஏ. அமர்த்திய கியூப அகதி விமானிகள் டி-28, பி-26 விமானங்களில் பறந்தனர்; 1965 ஏப்ரல் முதல் நவம்பர் வரை சே குவேராவுடன் வந்த கியூபர்கள் எதிர்த்தரப்பில் நின்றனர். ஊதியம் பெற்றுப் பறந்த அகதிகளுக்குக் காஸ்ட்ரோ எதிர்ப்பு என்ற அரசியல் நோக்கமும் இருந்தது. சேயின் ஆட்களைக் கியூப அரசே அனுப்பியது என்றாலும் அதை அப்போது அறிவிக்கவில்லை. ஒரே நாட்டைச் சேர்ந்த இரு குழுவினரும் ஒரே வரையறையின் வெவ்வேறு இடங்களில் நழுவுகிறார்கள். லாவோசில் சி.ஐ.ஏ. ஆயுதமும் ஊதியமும் அளித்து வாங் பாவோவின் கீழ் திரட்டிய மொங் மக்களோ தம் சொந்த மண்ணிலேயே போரிட்டவர்கள். அவர்களைக் கூலிப்படை என்று எழுதுவது சட்டத்தின்படி தவறு, அந்தப் போரில் தம் இளைஞர்களின் ஒரு தலைமுறையையே இழந்த சமூகத்துக்கு அநீதியும்கூட.

இங்கே இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். 1977க்கு முந்தைய நிகழ்வுகளுக்கு 47ஆம் பிரிவை ஒப்பீட்டுக்காகப் பயன்படுத்தலாம், தீர்ப்பு வழங்கப் பயன்படுத்தக் கூடாது. மேலும், இந்த வரையறை ஒன்றே இருப்பதாகக் கருதக் கூடாது. 1977இல் ஆப்பிரிக்க ஒற்றுமை நிறுவனம் லிப்ரவில்லில் ஏற்ற உடன்படிக்கையும், 1989 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்று 2001இல் நடைமுறைக்கு வந்த அனைத்துலக உடன்படிக்கையும் உள்ளன. ஐ.நா. உடன்படிக்கை, ஆயுத மோதல் நிலவாத நிலையில் ஓர் அரசைக் கவிழ்க்கச் சேர்க்கப்படுபவரையும் உள்ளடக்குகிறது. எந்த அளவுகோலைக் கையாள்கிறீர்கள் என்பதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

கைவிடப்பட்ட தாள்களில் தொடங்குங்கள்

மறைமுகப் போர்களைப் பற்றிய மிகச் சிறந்த சான்றுகள் பெரும்பாலும் எதிரியின் கையில் சிக்கிய தாள்களாகவே இருக்கின்றன. 1962க்குப் பின் ஏமனில் எகிப்தியப் படைக்கு எதிராக மன்னராட்சியை ஆதரித்த அரசவாதக் கெரில்லாக்களுடன் நின்ற முன்னாள் பிரிட்டிஷ் சிறப்புப் படையினரைப் பற்றிய செய்தி, அவர்களுள் ஒருவருக்கு எழுதப்பட்ட கடிதங்கள் எகிப்தியர் கையில் சிக்கி, 1964இல் கெய்ரோவின் அல்-அஹ்ராம் நாளிதழில் வெளியானதால் பரவியது. 1977 ஜனவரி 16 அன்று பெனின் நாட்டின் கொத்தனு விமான நிலையத்தில் பிரெஞ்சுக் கூலிப்படைத் தலைவர் பாப் தெனாரின் குழு இறங்கித் தாக்கியது. சில மணி நேரத்தில் தோற்றுப் பின்வாங்கியபோது ஆவணங்களை விட்டுச் சென்றது. ஐ.நா. பாதுகாப்பு அவை அனுப்பிய சிறப்புக் குழு அவற்றை ஆராய்ந்து அறிக்கை அளித்தது. அந்த அறிக்கையை ஐ.நா. இணைய நூலகத்தில் இன்று எவரும் படிக்கலாம். ஆப்பிரிக்கக் கூலிப்படை வரலாற்றில் புதிதாக நுழையும் ஆய்வாளருக்கு நான் பரிந்துரைக்கும் முதல் பாடநூல் அதுவே.

நிகரகுவாவில் நடந்ததும் இதே வகையானது. 1986 அக்டோபர் 5 அன்று சாண்டினிஸ்டா அரசுக்கு எதிராகப் போரிட்ட கான்ட்ராக்களுக்கு ஆயுதம் ஏற்றிச் சென்ற ஒரு சி-123 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. குதித்து உயிர்தப்பிய யூஜின் ஹேசன்ஃபஸ் மறுநாள் பிடிபட்டார். தமக்குத் தொடர்பில்லை என்று வாஷிங்டன் மறுத்தது. ஆனால் சிதைவுகளில் கிடைத்த அடையாள அட்டைகளும் பறப்புக் குறிப்பேடுகளும் எல் சால்வடோரின் இலோபாங்கோ விமானத் தளத்தையும், சதர்ன் ஏர் டிரான்ஸ்போர்ட் என்ற நிறுவனத்தையும் சுட்டின. ஈரானுக்கு இரகசியமாக ஆயுதம் விற்ற பணம் கான்ட்ராக்களுக்குத் திருப்பிவிடப்பட்ட ஈரான்-கான்ட்ரா விவகாரம் அடுத்த மாதமே வெடித்தது.

இத்தகைய தாள்களைக் கையாளும்போது, அவற்றைக் கைப்பற்றிய அரசுக்கும் ஒரு நோக்கம் உண்டு என்பதை மறக்கக் கூடாது. எந்தத் தாள் முழுமையாக வெளியிடப்பட்டது, எது ஒளிப்படமாக மட்டும் காட்டப்பட்டது, எது மேற்கோளாக மட்டும் வந்தது என்று பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். தாளில் உள்ள பெயர், நாள், ஊர் ஆகிய மூன்றையும் வேறு ஏதேனும் ஒரு சான்றுடன் ஒப்பிட்டு உறுதிசெய்யும் வரை அதைக் குற்றச்சாட்டாக மட்டுமே எழுத வேண்டும்.

விமானத்தையும் நிறுவனத்தையும் பின்தொடருங்கள்

மனிதர்கள் பெயரை மாற்றிக்கொள்வார்கள். விமானத்துக்குப் பதிவெண்ணை மாற்றினாலும் உற்பத்தி வரிசை எண் பெரும்பாலும் நிலைத்திருக்கும். ஹேசன்ஃபஸ் பயணம் செய்த அதே சி-123 விமானம், 1984இல் சாண்டினிஸ்டாக்களைப் போதைப்பொருள் கடத்தலுடன் தொடர்புபடுத்த நடந்த ஒரு பொறி நடவடிக்கையில் பயன்பட்டது என்பது இவ்வாறுதான் தெரியவந்தது. விமான ஆர்வலர்கள் தொகுத்திருக்கும் பதிவேடுகள் இதற்குப் பெரிதும் உதவும்.

நிறுவனத்தின் உரிமை மாறிய ஆண்டுகளைத் தனியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆலன் போப் பறந்த சிவில் ஏர் டிரான்ஸ்போர்ட்டை சி.ஐ.ஏ. 1950இல் வாங்கியது, 1959இல் அது ஏர் அமெரிக்கா என்ற பெயரைப் பெற்று லாவோஸ் போரின் முதுகெலும்பானது. சதர்ன் ஏர் டிரான்ஸ்போர்ட்டை சி.ஐ.ஏ. 1960இல் வாங்கி 1973இல் விற்றது. ஆகவே 1986இல் அதை 'சி.ஐ.ஏ.வின் நிறுவனம்' என்று எழுதினால் தவறு, 'முன்பு சி.ஐ.ஏ.வுக்குச் சொந்தமாக இருந்த நிறுவனம்' என்று எழுதினால் சரி. காங்கோவில் அகதி விமானிகளின் விமானங்களைப் பழுதுபார்த்த விக்மோ என்ற நிறுவனம் லிக்டன்ஸ்டைனில் பதிவு செய்யப்பட்டிருந்தது. ஒரு நிறுவனம் பதிவான நாட்டுக்கும் அது வேலை செய்த நாட்டுக்கும் எந்த வணிகத் தொடர்பும் தென்படாவிட்டால், அங்கே நின்று மேலும் தேடுவது பயன்தரும்.

இதனுடன் ஒரு காலவரிசை அட்டவணையையும் அமைக்க வேண்டும். ஒரு பத்தியில் சட்டமன்றம் நிதியைத் தடுத்த நாள்களையும், மறு பத்தியில் ஆட்சேர்ப்பும் ஆயுத விநியோகமும் நடந்த நாள்களையும் எழுதுங்கள். அங்கோலாவில் சி.ஐ.ஏ.வின் உதவியை 1976இல் அமெரிக்கச் சட்டமன்றமான காங்கிரசின் கிளார்க் திருத்தம் தடுத்தது. 1985இல் அது நீக்கப்பட்டது. கான்ட்ராக்களுக்கான உதவியை 1984 அக்டோபரில் போலண்ட் திருத்தம் முழுமையாகத் தடுத்தது. அதற்குப் பிந்தைய மாதங்களில்தான் தனியார் விமானங்களும் தனியார் நன்கொடைகளும் மூன்றாம் நாடுகளின் பணமும் அந்தப் போருக்குள் பெருகின. அரசின் பணப்பெட்டி மூடப்படும் நாளுக்கும் தனியார் தோன்றும் நாளுக்கும் உள்ள நெருக்கம், எந்த நினைவுக் குறிப்பைக் காட்டிலும் தெளிவாகப் பேசுகிறது.

ஆவணக் காப்பகங்களைப் படிக்கும் முறை

அமெரிக்க வெளியுறவுத் துறை வெளியிடும் வெளியுறவு ஆவணத் தொகுதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் மறைமுக நடவடிக்கைகள் விடுபட்டிருந்ததை வரலாற்றாசிரியர்கள் கண்டித்ததன் விளைவாக, தொகுதிகள் முழுமையானவையாகவும் துல்லியமானவையாகவும் இருக்க வேண்டும் என்று 1991இல் சட்டம் இயற்றப்பட்டது. எனவே 1991க்கு முன் வெளியான தொகுதியையும் பின் வெளியானதையும் ஒரே நம்பகத்தன்மையுடன் கருதக் கூடாது. காங்கோவில் 1960 முதல் 1968 வரை நடந்த மறைமுக நடவடிக்கைகள் இடம்பெறும் தொகுதி 2013இல்தான் வெளிவந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட நூல்களை அந்தத் தொகுதியுடன் ஒப்பிட்டே மேற்கோள் காட்ட வேண்டும்.

நீக்கப்பட்ட இடங்களையும் படிக்கப் பழகுங்கள். இந்தத் தொகுதிகளில் எத்தனை வரி வெளியிடப்படவில்லை என்பது அடைப்புக்குறிக்குள் குறிக்கப்படுகிறது. ஒரே ஆவணம் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு அலுவலர்களால் பரிசீலிக்கப்பட்டு வெளியாகியிருந்தால், எல்லாப் படிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒருவர் மறைத்ததை இன்னொருவர் விட்டுவைத்திருப்பது அரிதல்ல. சி.ஐ.ஏ.வின் குறிப்பெயர்களில் முதல் இரண்டு எழுத்துகள் பல வேளைகளில் நாட்டையோ துறையையோ குறிப்பதால், கியூபா தொடர்பானவை 'ஏ', 'எம்' என்ற எழுத்துகளிலும், 1975இன் அங்கோலா நடவடிக்கை 'ஐ', 'ஏ' என்ற எழுத்துகளிலும் தொடங்குவதைக் காணலாம். அமெரிக்காவின் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழும் பிரிட்டனின் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் எந்த நாட்டினரும் விண்ணப்பிக்கலாம். 'கூலிப்படை பற்றிய அனைத்து ஆவணங்களும்' என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. ஒரு தூதரகம், ஒரு மாதம், ஒரு பொருள் என்று குறுக்கிக் கேளுங்கள்.

இல்லாத கோப்பும் ஒரு செய்திதான். இலங்கை தொடர்பான, 1970களின் இறுதிக் காலத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 200 கோப்புகளைப் பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகம் அழித்துவிட்டது 2018இல் வெளிச்சத்துக்கு வந்தது. முன்னாள் பிரிட்டிஷ் சிறப்புப் படையினர் நடத்திய கே.எம்.எஸ். நிறுவனம் 1984 முதல் இலங்கையின் சிறப்பு அதிரடிப் படைக்குப் பயிற்சி அளித்தது. அதன் தலைமையைச் சேர்ந்த டேவிட் வாக்கரின் பெயர் ஈரான்-கான்ட்ரா விசாரணைப் பதிவுகளிலும் வருகிறது. லண்டனில் ஒரு கோப்பு இல்லாவிட்டால் வாஷிங்டனில் தேட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. தமிழர் தரப்பையும் இதே நேர்மையுடன் அணுக வேண்டும்: 1988 நவம்பர் 3 அன்று மாலைதீவில் குடியரசுத் தலைவர் கயூமின் ஆட்சியைக் கவிழ்க்க மாலைதீவு வணிகர் அப்துல்லா லுத்துஃபி திரட்டிய ஆயுததாரிகள், இலங்கையின் புளொட் இயக்கத்தைச் சேர்ந்த தமிழர்கள். அதற்கு முன் அங்கே ஆயுத மோதல் இருக்கவில்லை என்பதால் 47ஆம் பிரிவு அவர்களுக்குப் பொருந்துமா என்பதே ஐயம். மறு ஆண்டு ஏற்கப்பட்ட ஐ.நா. உடன்படிக்கையின் வரையறையோ இத்தகைய நிகழ்வுக்கென்றே எழுதப்பட்டது போல இருக்கிறது.

நீதிமன்றப் பதிவுகளும் நினைவுக் குறிப்புகளும்

1976 ஜூனில் அங்கோலாவின் தலைநகர் லுவாண்டாவில், கூலிப்படையினராகப் போரிட்டதாக 13 வெளிநாட்டினர் மீது நடந்த வழக்கில் நால்வருக்கு மரண தண்டனையும் ஒன்பதின்மருக்கு நீண்ட சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டன. 'கர்னல் காலன்' என்று தன்னை அழைத்துக்கொண்ட கோஸ்டாஸ் ஜார்ஜியூவும் ஜூலை 10 அன்று சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் ஒருவர். சண்டையிட மறுத்த தன் சொந்த ஆட்கள் பலரை மக்கேலாவில் அவர் கொல்லச் செய்ததும் அந்த விசாரணையில் பேசப்பட்டது. அது அரசியல் நோக்கமுள்ள வழக்கு என்பது உண்மை. ஆனால் ஆட்சேர்ப்பு எப்படி நடந்தது, என்ன உறுதியளிக்கப்பட்டது என்பன பற்றிய வாக்குமூலங்கள் பிரிட்டிஷ் நாளிதழ்ச் செய்திகளுடன் ஒத்துப்போகும் இடங்களில் பயன்படுத்தத் தக்கவை.

1986 ஜூன் 27 அன்று நிகரகுவா வழக்கில் அனைத்துலக நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை முழுமையாகப் படிக்காமல் இந்தத் துறையில் எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கான்ட்ராக்களுக்கு அமெரிக்கா நிதியும் பயிற்சியும் ஆயுதமும் அளித்தது சட்டமீறல் என்று கூறிய நீதிமன்றம், அவர்களுடைய ஒவ்வொரு செயலுக்கும் அமெரிக்காவைப் பொறுப்பாக்க வேண்டுமானால் அந்தச் செயல்களின்மீது அதற்கு நடைமுறைக் கட்டுப்பாடு இருந்ததாக மெய்ப்பிக்க வேண்டும் என்றும் கூறியது. துறைமுகங்களில் கண்ணிவெடி வைத்தவர்களைப் பொறுத்தவரை, அவர்கள் அமெரிக்காவிடம் ஊதியம் பெற்று அதன் அலுவலர்களின் ஆணைப்படி இயங்கினர் என்பதால் பொறுப்பு நேரடியானது. உதவி பெற்றவர், ஏவப்பட்டவர் என்ற இந்த வேறுபாட்டை உங்கள் கட்டுரையிலும் ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியே கையாள வேண்டும்.

கூலிப்படைத் தலைவர்களின் நினைவுக் குறிப்புகளைக் கடைசியாகப் படிப்பதே நல்லது. அவற்றில் நாள், ஊர், பாதை, ஆயுதம் பற்றிய விவரங்கள் பயன்படும். துணிச்சல் பற்றிய பக்கங்களும், 'நாகரிகத்தைக் காக்கச் சென்றோம்' என்ற விளக்கங்களும், அவர்கள் கடந்துசென்ற கிராமங்களைப் பற்றிய மௌனமும் அவர்களைப் பற்றிய சான்றுகளே தவிர, போரைப் பற்றிய சான்றுகள் ஆகா. இந்த வரலாறுகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வீரர்களின் பெயர்களால் நிறைந்திருப்பதும், அவர்களால் கொல்லப்பட்ட காங்கோ மக்களோ நிகரகுவா விவசாயிகளோ எண்ணிக்கையாகக்கூட இடம்பெறாததும் நம்மை வருத்த வேண்டும். மறைமாவட்டப் பதிவுகள், மருத்துவமனைக் குறிப்புகள், மனித உரிமை அமைப்புகளின் அக்கால அறிக்கைகள், உள்ளூர் மொழி இதழ்கள் ஆகியவற்றை ஐரோப்பியரின் நூல்களுக்கு ஈடான நேரம் ஒதுக்கித் தேடுங்கள்.

உயிருடன் இருப்பவர்களிடம் வாய்மொழிச் சான்று பெறும்போது, முதலில் அவர்கள் கண்ணால் கண்டதையும் பின்னர் கேள்விப்பட்டதையும் தனித்தனியே கேட்டுப் பதியுங்கள். கூலிப்படையினரின் கையில் துன்பப்பட்டவர்களுடைய பெயரையும் ஊரையும் அவர்களுடைய தெளிவான இசைவின்றி வெளியிடக் கூடாது. பல நாடுகளில் அந்தப் போர்களின் தரப்பினர் இன்றும் அதிகாரத்தில் இருக்கிறார்கள்.

எழுத உட்காரும்போது

ஒவ்வொரு கூற்றுக்கும் அதன் உறுதி எவ்வளவு என்பதை வினைச்சொல்லிலேயே காட்டுங்கள். ஆவணம் மெய்ப்பித்ததை 'செய்தது' என்றும், ஒரு தரப்பு மட்டும் சொல்வதைச் சொன்னவரின் பெயரோடு 'கூறுகிறது' என்றும் எழுதலாம். 'தொடர்பு இருந்தது' என்ற சொற்றொடரைத் தவிர்க்க முயலுங்கள். பணம் கொடுத்தார்களா, ஆணையிட்டார்களா, அறிந்தும் தடுக்காமல் இருந்தார்களா என்பதைப் பிரித்துச் சொல்ல இயலாதபோதுதான் அந்தச் சொற்றொடர் எழுத்தாளருக்குக் கைகொடுக்கிறது. 1995இல் கொமரோசில் நடந்த ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சிக்காகத் தெனாருக்கு 2006இல் பாரிஸ் நீதிமன்றம் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தபோது, பிரெஞ்சு உளவுத்துறை அந்தத் திட்டத்தை முன்கூட்டியே அறிந்திருந்தது தெளிவு என்று குறிப்பிட்டது. அறிந்திருந்தது என்பதை மட்டுமே இங்கே உறுதியாக எழுதலாம். ஏவியது என்று எழுத வேண்டுமானால் அதற்குத் தனிச் சான்று வேண்டும்.